வாசகர் கேள்வி–பதில்: எடித் பியாஃப் பாட்டு

கேள்வி: நுங்கம்பாக்கத்தில் பிரெஞ்சு படிக்கிறேன். வகுப்பு விழாவில் பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃபின் பாட்டு பாடப் போகிறேன். கர்நாடக சங்கீதம் கற்றவள். எதில் கவனம் வேண்டும்?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: முதலில் 'ர'. பியாஃபின் 'ர' நாக்கு நுனியில் பிறப்பதில்லை. உள்நாக்கு அதிர்ந்து வருவது. நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வாய் கொப்பளிப்பதுபோல் தொண்டையில் காற்றை உரசவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் அது வந்த பிறகு 'ரா', 'ரி' என்று உயிரோடு சேர்த்துப் பழகுங்கள். தொண்டை எரிந்தால் அழுத்தம் அதிகம், உடனே நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழுத்துப் பாடுவது. பழக்கத்தில் தானாக வந்துவிடும். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு இழுக்காமல் நேராகப் போய் நில்லுங்கள். நீண்ட ஸ்வரத்தின் கடைசியில் மட்டும் சிறு அதிர்வு போதும். வீதியில் மைக் இல்லாமல் பாடி வளர்ந்த குரல் அவருடையது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கும். அதைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும்.

கேள்வி: பியாஃபின் 'லா வி ஆன் ரோஸ்' பாட்டு அவரே இயற்றியதா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: வரிகள் அவருடையவை, 1945-இல் எழுதியவை. இசை, இசையமைப்பாளர் லூயிகி பெயரில் பதிவாகியிருக்கிறது. 1915-இல் பாரிஸில் பிறந்த பியாஃபை 1935-இல் தெருவில் பாடும்போது கேட்டு மேடையேற்றியவர் கேளிக்கை விடுதி நடத்திய லூயி லெப்லே. 1960-இல் நொடித்துக்கொண்டிருந்த பாரிஸின் ஒலிம்பியா இசையரங்கைக் காப்பாற்றியவை பியாஃபின் கச்சேரிகள். அப்போதே உடல் மிகவும் தளர்ந்திருந்தது. 1963 அக்டோபரில், 47 வயதில் காலமானார்.