சாய்துளைக்கு ஒரு வழிகாட்டிக் கட்டை

கேள்வி: 18 மி.மீ. தடிமனுள்ள மரச் சட்டங்களைச் சாய்வாகத் துளையிட்டுத் திருகாணியால் இணைக்கிறேன். ஒரு மரத்துண்டில் துளை போட்டு அதையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டேன். முதல் சில இணைப்புகள் நன்றாக அமைந்தன. பிறகு துளைகள் இடம் மாறின. இரண்டு சட்டங்களின் முனையும் பிளந்துவிட்டது. கோளாறு கட்டையிலா, திருகாணியிலா?

பதில்: இரண்டிலும் இருக்கக்கூடும். முனை பிளந்திருப்பதால் திருகாணியை முதலில் பாருங்கள். அடிப்பக்கம் கூம்பாகச் சரியும் தலையுள்ள திருகாணி, இறுக்க இறுக்க ஆப்பைப் போல மர இழைகளை விலக்கிக்கொண்டு இறங்கும். இந்த இணைப்புக்குத் தலையின் அடிப்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். 18 மி.மீ. சட்டத்துக்கு 32 மி.மீ. நீளம் பொருந்தும், மென்மரத்துக்கும் பிளைவுட்டுக்கும் அகன்ற மரை, கடின மரத்துக்கு நெருக்கமான மரை. துளையிட, நுனி மெலிந்தும் மேற்பகுதி 9.5 மி.மீ. பருமனிலும் உள்ள படி வைத்த டிரில் பிட்டையே வாங்குங்கள். திருகாணித் தலை உட்காரும் மேடையை அந்தப் படிதான் செதுக்கித் தருகிறது.

துளை இடம் மாறியதற்குக் காரணம் கட்டையின் தேய்மானம். நான் முதலில் செய்த கட்டையிலும் துளையின் வாய் முட்டை வடிவமாக அகன்று, பிட் உள்ளே ஆடத் தொடங்கியது. ஆகவே புதிய கட்டையில் ஓர் இரும்புக் குழாய்த்துண்டைப் பதித்துவிடுங்கள். 100 மி.மீ. நீளமும் 40 மி.மீ. தடிமனும் உள்ள கடின மரத்துண்டை எடுத்து, ஒரு முகத்திலிருந்து 13.5 மி.மீ. உள்ளே, அந்த முகத்துக்கு இணையாக, மேல்முனையிலிருந்து 70 மி.மீ. ஆழத்துக்குத் துளையிடுங்கள். பிறகு அதே முகத்தை, மேல்முனையில் ஒன்றும் போகாமலும் கீழ்முனையில் 27 மி.மீ. போகும்படியும் ரம்பத்தால் சாய்வாக அறுத்து, இழைப்புளியால் சமப்படுத்தினால், கோணமானி இல்லாமலேயே 15 பாகைச் சாய்வு கிடைத்துவிடும். பிட் தளராமல் நுழையும் அளவுள்ள 25 மி.மீ. நீளக் குழாயை மேல்வாயில் ஒட்டிவிடுங்கள். குழாயின் வெளிப்பருமனுக்கு ஏற்ப அவ்விடத்தில் மட்டும் துளையை அகலப்படுத்தினால் போதும்.

அறுத்த முகத்தில் துளை திறக்கும் இடத்தின் நடுவிலிருந்து, கீழ்முனைப் பக்கமாக 34 மி.மீ. தள்ளி, குறுக்கே ஒரு சிறு தடுப்புக் கட்டையைத் திருகிவிடுங்கள். இந்த அளவில் மட்டும் அவசரப்பட வேண்டாம். சட்டத்தின் முனை அந்தத் தடுப்பில் முட்டி நிற்கும்போதுதான் திருகாணி 18 மி.மீ. தடிமனின் சரிநடுவில், அதாவது 9 மி.மீ. உயரத்தில், வெளிவரும். பிட்டின் நுனி சட்டத்தின் முனைக்கு 3 மி.மீ. முன்பே நிற்கும்படி அதில் நிறுத்து வளையத்தை இறுக்குங்கள். பிறகு ஒரு கழிவுத்துண்டில் துளையிட்டு, அந்தத் துளையின் போக்கிலேயே நெடுக அறுத்துப் பாருங்கள்: மேடை தெளிவாகவும், அதற்கும் முனைக்கும் இடையே போதிய மரம் மிஞ்சியும் இருந்தால் மட்டுமே நல்ல மரத்தில் கை வையுங்கள்.

கேள்வி: குறுக்குச் சட்டம், நெடுஞ்சட்டம் இரண்டில் எதில் துளையிட வேண்டும்?

பதில்: எதன் வெட்டுமுனை மற்றதன் பக்கவாட்டில் வந்து முட்டுகிறதோ அதில், பெரும்பாலும் குறுக்குச் சட்டத்தில். அப்போதுதான் மரை மற்ற சட்டத்தின் இழைகளைக் குறுக்காகக் கவ்விப் பிடிக்கும். இழை ஓடும் திசையிலேயே இறங்கும் திருகாணிக்கு அந்தப் பிடிப்பு கிடைக்காது. திருகாணி சாய்வாக இறங்கும்போது ஒரு சட்டத்தைச் சற்றே நகர்த்திவிடும் என்பதால், முடுக்கி முடியும்வரை இரண்டு சட்டங்களின் முகங்களையும் ஒரே மட்டத்தில் வைத்து கிளாம்ப்பால் இறுக்கியிருங்கள்.