கொரங்காட்டுக் கவுதாரியும் லடாக் சுக்காரும்

வணக்கம் சார், போன மாசம் லடாக் போயிருந்தோம். லே பக்கத்துல பாறைச் சரிவுல ஒரு கூட்டம், அச்சு அசலா நம்ம கவுதாரி, ஆனா அலகும் காலும் செக்கச்செவேல்னு. சுக்கார்னு டிரைவர் சொன்னார். ரெண்டும் ஒரே இனமா? எது அழகு, எது ருசி? இன்னொரு நல்ல சேதி. காங்கேயம் பக்கம் மாமாவோட கொரங்காடு, அதான் மாடு மேயற புல்லுக்காடு, சும்மாதான் கெடக்கு, ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஆயிரம் மரக்கன்னு நடப்போறோம். நீங்க வந்து தொடங்கி வைக்கணும்.
– ஒரு வாசகர், தாராபுரம்

தம்பி,

ருசியெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க, 1972 வனவிலங்குச் சட்டப்படி ரெண்டையும் புடிக்கறதே குத்தம். அழகு உங்க கண்ணு பாடு.

இனம் கேட்டீங்க. ஒரே குடும்பம்தான், ஆனா கிட்டத்துச் சொந்தம் இல்ல. மரபணு பார்த்தவங்க நம்ம கவுதாரியக் கோழி பக்கமும் சுக்காரைக் காடை பக்கமும் வைக்கறாங்க. ரெண்டும் தரையில பொறுக்கித் தின்னு வாழற உருண்டை உடம்பு, அதான் பாக்க ஒண்ணு போல இருக்கு. சுக்காரை வெரட்டுனா மேட்டைப் பாத்து ஓடும், முடியாதப்பதான் சரிவுல கீழ பறக்கும். சரியா பறக்கத் தெரியாத குஞ்சுகூட ரெக்கைய அடிச்சுக்கிட்டே செங்குத்தா ஏறுறதை அமெரிக்காவுல கென்னத் டயல்ங்கற பறவை ஆராய்ச்சியாளர் 2003ல எழுதினார், பறவைங்க பறக்க ஆரம்பிச்சது எப்படிங்கற சண்டையில அந்தக் குஞ்சு இன்னும் சாட்சி சொல்லிட்டிருக்கு. நம்ம கவுதாரிக்கு மேடு ஏது, முள்ளுக்குள்ள பூந்துக்கறதுதான் வித்தை, ராத்திரி தூக்கமும் முள்ளுமரக் கெளையிலதான்.

சரி, அந்த "சும்மா கெடக்கு"க்கு வர்றேன். காங்கேயம் பக்கத்து ஆளு கொரங்காட்டைப் பாத்து இப்படி எழுதலாமா? சுத்தி கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப்புல், அங்கங்க வெள்வேல மரம், இதை உங்க பாட்டன் முப்பாட்டன் பாத்துப் பாத்து வச்சிருக்காங்க, மழைக்குப் புல்லு தலையெடுக்கற வரைக்கும் மாட்டை உள்ள விடாம படலைச் சாத்தி வச்சிருப்பாங்க, அதை மேஞ்சு வந்ததுதான் காங்கேயம் மாடு. அங்க மரம் அடர்ந்தா நெழல்ல புல்லு செத்துப்போகும், புல்லு போனா விதையும் போச்சு, கவுதாரி ஒளிய எடமும் போச்சு. வெள்வேலத்தோட சன்ன நெழலுக்குப் புல்லு சாகாது, காயை மாடும் ஆடும் தின்னும். அது பாட்டன் கணக்கு, உங்க ஆயிரம் கன்னு ஃபோட்டோ கணக்கு.

எங்க அம்மிச்சி, அதான் அம்மாவைப் பெத்தவங்க, அவங்க காட்டுல புல்லுத் தூருக்கடியில லேசாப் பறிச்ச குழி, நாலு காஞ்ச புல்லு, அதுல வெளிர் நிறத்துல கவுதாரி முட்டைங்க. பொட்டை எந்திரிக்கவே இல்ல, என் காலு கிட்டத்தட்ட மிதிச்ச பெறகுதான் படபடன்னு கிளம்புச்சு. "கண்ணு, குஞ்சு எறங்கற வரைக்கும் அந்த மூலைக்கு மாட்ட ஓட்டாதே"ன்னு அம்மிச்சி சொல்லிருச்சு. பள்ளிக்கூடமே போகாத பொம்பளை. சுற்றுச்சூழல் தினத்துக்கு டீசர்ட் அடிக்கற உங்களுக்கு அது தெரியல, கோவிச்சுக்காதீங்க.

உங்களை மட்டும் சொல்லியும் குத்தமில்ல. மத்திய அரசு போடற தரிசுநில அட்லஸைப் பாருங்க, புதர்க்காடு தரிசு, வெறும் பாறை தரிசு, பனி மூடின எடமும் அந்தப் பட்டியல்லதான். நீங்க லேல பாத்த சுக்காரும் ஊர்ல கேக்கற கவுதாரியும் சர்க்கார் கணக்குல தரிசுலதான் குடியிருக்கு. தரிசுன்னு எழுதிட்டா அப்பறம் சோலார் தகடு வைக்கலாம், சைட் போடலாம், கன்னு நடலாம், கேக்க ஆளில்ல. லடாக் பாறையில போய்க் கன்னு நடணும்னு உங்களுக்குத் தோணுச்சா? சொந்த ஊர்ல மட்டும் ஏன் கை அரிக்குது?

தொடங்கி வைக்க வரமாட்டேன். கன்னை வாங்கிட்டீங்கன்னா பள்ளிக்கூடத்துக்கும் ரோட்டோரத்துக்கும் குடுத்துருங்க. மாமா காட்டு வேலி எங்கயாச்சும் பொத்துக்கிட்டு இருந்தா சொல்லுங்க, எங்க வேலியில கிளுவைப் போத்து வெட்டித் தர்றேன், வண்டி மட்டும் நீங்க கொண்டாங்க.