சறுக்குவது நைட்ரஜனா, ஆக்சிஜனா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். தனிம அட்டவணையின் ஒரு தொடரில் இடமிருந்து வலமாகப் போகப் போக அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல்) கூடும் என்கிறது பாடம். ஆனால் அட்டவணையில் நைட்ரஜனுக்கு 1402, ஆக்சிஜனுக்கு 1314 என்று இருக்கிறது. அச்சுப்பிழையா சார்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டு எண்ணும் சரிதான் அம்மா. நைட்ரஜனின் பி ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான்கள் இருக்கும் இடங்களில் ஒரு வகை; ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரான் வரை கொள்ளும்) சரிபாதி நிரம்பியிருப்பதால் அதற்குத் தனி நிலைப்புத்தன்மை என்று எழுதினால் பரீட்சையில் மதிப்பெண் விழும். எனக்கு அந்தப் பதிலில் என்றுமே திருப்தி கிடையாது.

மகளைக் கிராஃப் தாளில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். போரான் 801, கார்பன் 1086, நைட்ரஜன் 1402. படிக்குப் படி ஏறக்குறைய 300 கிலோஜூல் ஏற்றம். நைட்ரஜன் தனியாக எகிறி நிற்கவில்லை பாருங்கள், முன்னால் இரண்டும் போட்ட வழியிலேயே போகிறது. அப்புறம் ஆக்சிஜன் 1314, ஃபுளூரின் 1681, நியான் 2081. இதுவும் ஏறுமுகம்தான், ஆனால் கோடு மொத்தமாகக் கீழே இறங்கிவிட்டது. ஆக, விஷயம் ஆக்சிஜனில் இருக்கிறது.

பி ஆர்பிட்டால்கள் மூன்று. நைட்ரஜன் வரை எலக்ட்ரான்கள் ஆளுக்கொன்றில் இருந்துவிடுகின்றன. ஆக்சிஜனின் நான்காவது எலக்ட்ரான், ஏற்கெனவே ஒன்று இருக்கும் இடத்தில்தான் நுழைய வேண்டும். இரண்டும் எதிர்மின்சுமை, ஒன்றையொன்று தள்ளும். அணுக்கருவில் ஒரு புரோட்டான் கூடியும் அந்தத் தள்ளலை ஈடுகட்ட முடியவில்லை. அடுத்த தொடரில் பாஸ்பரஸ் 1012, கந்தகம் 1000. வித்தியாசம் வெறும் 12! அணு பெரிது, இடம் தாராளம், தள்ளலும் குறைவு.

பெரிலியத்திலிருந்து போரானுக்கு வரும்போது விழும் சறுக்கல் வேறு. அங்கே எஸ் ஆர்பிட்டால் நிரம்பி முடிந்து, அதைவிட ஆற்றல் கூடிய பி தொடங்குகிறது; அதிலுள்ள எலக்ட்ரானைப் பிடுங்குவது சுலபம். இரண்டுக்கும் ஒரே காரணம் எழுத விடாதீர்கள்.

கேள்வி: இந்த எண்களை மனப்பாடம் செய்து யாருக்கு என்ன லாபம்?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய மாணவர்

பதில்: நீல் பார்ட்லெட் என்ற வேதியியலாளருக்கு லாபம் இருந்தது தம்பி. பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு என்ற சேர்மத்தின் சிவப்பு ஆவி ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுவதை அவர் கண்டிருந்தார். செனான் என்ற வாயுவின் அயனியாக்கும் ஆற்றல் 1170. ஆக்சிஜன் மூலக்கூறுக்கும் கிட்டத்தட்ட அதேதான். அதனிடம் பிடுங்க முடிந்தால் இதனிடமும் முடிய வேண்டுமே! 1962-இல், கனடாவின் வான்கூவரில், எதனோடும் சேராது என்று எல்லோரும் ஒதுக்கி வைத்த செனானை அந்தச் சிவப்பு ஆவியோடு கலந்தார். மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் திண்மம் படிந்தது.