ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை

அன்புள்ள ஐயா,

உங்கள் அறிவியல் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. என் மகனுக்கு 16 வயது. போன வருடம் எட்டு ஒன்பது நாள் ராத்திரியில் தூங்கவே இல்லை. களைப்பும் இல்லை. ஓயாமல் பேச்சு, புதிது புதிதாகத் திட்டங்கள். அதற்குப் பிறகு மூன்று மாதம் படுக்கையை விட்டே எழவில்லை. மனநல மருத்துவர் இருமுனைக் கோளாறு என்று சொல்லி மருந்து தொடங்கினார், மூளைக்கு எம்.ஆர்.ஐ.யும் எடுக்கச் சொன்னார். 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்தது. அன்றிலிருந்து வீட்டில் ஒரே சண்டை. "ஸ்கேனிலேயே ஒன்றும் இல்லை, அப்புறம் எதற்குப் பிள்ளைக்கு மாத்திரை?" என்கிறார் என் மைத்துனர். இணையத்தில் பார்த்தால் இந்த நோய் உள்ள பிள்ளைகளின் மூளை என்று சிவப்பும் நீலமுமாகப் படங்கள். எது உண்மை? இன்னும் பெரிய ஸ்கேன் ஏதாவது எடுக்க வேண்டுமா? மகன் ராத்திரியில் அந்த ஸ்கேன் சிடியைக் கணினியில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். "என் மூளை கெட்டுப்போயிருக்காப்பா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மைத்துனர் விஷயம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நான் மருத்துவன் இல்லை, எந்த மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் மருத்துவரிடம் பேச வேண்டியது. ஆனால் இந்த நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் போன்ற மருந்தைத் திடீரென்று விட்டால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது ரொம்ப காலமாகத் தெரிந்த விஷயம். அதை மைத்துனரிடம் சொல்லிவிடுங்கள்.

அவருடைய குழப்பம் மட்டும் நியாயமானது. ஸ்கேன் என்றால் நோயைக் காட்டும், காட்டவில்லை என்றால் நோய் இல்லை, இப்படித்தான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எலும்பு முறிவுக்கு அது சரி. உங்கள் மருத்துவர் இருமுனைக் கோளாறைக் கண்டுபிடிப்பதற்காக எம்.ஆர்.ஐ. எழுதியிருக்க மாட்டார். கட்டி, மூளையழற்சி, பழைய காயம், இப்படி வேறு ஏதாவது ஒன்று மேனியா (தூக்கமே இல்லாமல் அவன் பரபரத்த அந்த நிலை) மாதிரி வேஷம் போடுகிறதா என்று பார்த்திருப்பார். அப்படி எதுவும் இல்லை என்பதுதான் அந்த 'நார்மல்'. நல்ல செய்திதான், ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் அதில் இல்லை.

நோயை அவர் கண்டுபிடித்தது நீங்கள் கடிதத்தில் எழுதியிருக்கும் அதே விவரங்களை வைத்துத்தான். ஒரு வாரமோ அதற்கு மேலோ நீடித்த தனியான ஒரு காலகட்டம், வழக்கமான பையனாக அவன் இல்லாத காலகட்டம். தூக்கம் குறைந்தும் களைப்பு இல்லை. அப்புறம் அந்த மூன்று மாதச் சோர்வு. குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்றும் கேட்டிருப்பார். இன்றைக்கு உலகத்தில் எங்கே போனாலும் இந்த நோயை இப்படிக் கேட்டும் பார்த்தும்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

அப்படியானால் அந்தச் சிவப்பு நீலப் படங்கள் பொய்யா? பொய் இல்லை. ஆனால் அவை எந்த ஒரு பிள்ளையின் மூளையும் இல்லை. இருபது முப்பது பிள்ளைகளின் மூளைகளைக் கணினியில் ஒரே அளவுக்கு இழுத்துப் பொருத்தி, நோய் இல்லாத இன்னொரு இருபது முப்பது பேரோடு ஒப்பிட்டு, இரண்டு கூட்டத்தின் சராசரியும் எங்கெல்லாம் வேறுபடுகிறதோ அங்கெல்லாம் வண்ணம் பூசுவார்கள். மூளைக்குள் சிவப்பாக எதுவும் எரியவில்லை. செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. என்கிற வகையில் இயந்திரம் எண்ணத்தை அளப்பதுகூட இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் எப்படி மாறுகிறது என்பதை, அதுவும் சில நொடிகள் தாமதமாக, அளக்கிறது. 2009இல் சில ஆய்வாளர்கள் செத்த சால்மன் மீன் ஒன்றை இயந்திரத்துக்குள் வைத்து, மனிதர்களின் படங்களை அதற்குக் காட்டினார்கள். கணக்கில் ஒரு திருத்தத்தைச் செய்யாமல் விட்டால் செத்த மீனின் மூளையிலும் 'செயல்பாடு' தெரிந்தது. வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக்நோபல் பரிசு 2012இல் இதற்குக் கிடைத்தது. வேடிக்கைதான், ஆனால் அந்தத் துறையில் இருப்பவர்கள் அதன் பிறகு அந்தத் திருத்தத்தை லேசில் மறக்கவில்லை.

சரி, இவ்வளவு வருடத்தில் இந்த ஆய்வுகள் எதையும் கண்டுபிடிக்கவில்லையா என்றால், கண்டுபிடித்திருக்கின்றன. எனக்கு ரொம்பப் பிடித்தது 2006இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்திலிருந்து வந்த ஒன்று. பிள்ளைகளை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து முகங்களின் படங்களைக் காட்டினார்கள். சிரிப்போ கோபமோ இல்லாத வெறும் முகங்களும் அதில் உண்டு. இந்த முகம் எவ்வளவு விரோதமாக இருக்கிறது, உனக்கு எவ்வளவு பயமாக இருக்கிறது என்று கேட்டார்கள். நடுவில், இந்த மூக்கு எவ்வளவு அகலம் என்றும் கேட்டார்கள். இருமுனைக் கோளாறு உள்ள பிள்ளைகள் அந்த வெறும் முகங்களைக் கூடுதல் விரோதமானதாகப் பார்த்தார்கள், அப்போது அவர்களின் அமிக்டலா கூடுதலாகத் துடித்தது. மூக்கைப் பற்றிக் கேட்டபோது அந்த வித்தியாசம் இல்லை. நோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் இருபது சொச்சம் பிள்ளைகள்தான், சின்ன ஆய்வு. இருந்தாலும் இதைப் படித்த பிறகு, நாம் சும்மா நிமிர்ந்து பார்த்ததற்கு "ஏன் முறைக்கிறே?" என்று கத்தும் பிள்ளையிடம் பதிலுக்குக் கத்தத் தோன்றுவதில்லை. அவனுக்கு உண்மையிலேயே நாம் முறைப்பதாகத் தெரிந்திருக்கலாம்.

அமிக்டலா என்பது பாதாம் பருப்பு அளவில், பாதாம் வடிவில், இரண்டு பக்கமும் காதுக்கு முன்னால் உள்ளே தள்ளி இருக்கும் பகுதி. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்கே பாதாம் என்றுதான் பொருள். இந்த நோய் உள்ள வளரிளம் பருவத்தினருக்கு அது சராசரியாகக் கொஞ்சம் சிறிதாக இருக்கிறது என்று பல குழுக்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. பெரியவர்களிடம் பார்த்தால் முடிவு அப்படி ஒரே மாதிரி வருவதில்லை. வயதா, மருந்தா, இரண்டுமா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம், ஏனென்றால் ஆய்வுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஏதாவது மருந்தில் இருப்பவர்கள்.

பிள்ளைகளிடம் இது இன்னும் சிக்கல். ஓடுகிற ரயிலின் நீளத்தை அளப்பது மாதிரி. இந்த வயதில் மூளையின் மேலுறை இயல்பாகவே மெலிந்துகொண்டு வருகிறது, திட்டமிடுவதற்கும் அடக்குவதற்குமான முன்பகுதி இருபதுகளில்தான் முழுசாகப் பக்குவமாகிறது. 13 வயதுப் பையனுக்கும் 16 வயதுப் பையனுக்கும் நோயே இல்லாமல் இருக்கும் வித்தியாசம் சின்னது இல்லை. போதாததற்குப் பிள்ளைகள் ஆடாமல் படுக்க மாட்டார்கள். ஒரு நண்பரின் ஆய்வுக்காக நான் ஒருமுறை 'நோயில்லாத' கூட்டத்தில் ஒருவனாகப் படுத்திருக்கிறேன். காதில் அடைப்பான், தலைக்கு இரண்டு பக்கமும் பஞ்சுமெத்தை, ஆபத்து என்றால் அழுத்துவதற்குக் கையில் ஒரு ரப்பர் உருண்டை, தகரத்தைச் சம்மட்டியால் அடிக்கிற மாதிரி சத்தம். பத்தாவது நிமிடத்தில் மூக்கு அரித்தது. இத்தனை வயதான எனக்கே அந்த அரிப்பைத் தாங்க முடியவில்லை, தலை கொஞ்சம் அசைந்திருக்கும். அந்த அசைவு போதும், மூளைப் பகுதிகளுக்குள் இல்லாத தொடர்பை இருப்பதாகக் காட்ட. 2012 வாக்கில் வெவ்வேறு குழுக்கள் இதைச் சுட்டிக்காட்டியபோது, சிறுவர் மூளை பற்றிய பழைய முடிவுகள் சிலவற்றையே மறுபடி கிண்டிப் பார்க்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று, நோயின் பெயரே தடுமாறிய காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் 1994-95க்கும் 2002-03க்கும் இடையில் 19 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இருமுனைக் கோளாறு என்று எழுதப்பட்ட மருத்துவச் சந்திப்புகள் ஏறத்தாழ 40 மடங்கு பெருகின. நோய் அப்படிப் பெருகுமா? எப்போதும் எரிச்சலாகவே இருக்கும் பிள்ளைகளையும் இந்தப் பெயரில் சேர்த்ததுதான் பெரிய காரணம் என்று பலர் கருதினார்கள். அமெரிக்க மனநல ஆய்வாளர் எலன் லைபன்லுஃப்ட் குழுவினர் அந்தப் பிள்ளைகளைத் தனியாகத் தொடர்ந்து பார்த்ததில், அவர்கள் வேறு கூட்டம் என்று தெரிந்தது. வளர்ந்த பிறகு அவர்களுக்கு அதிகம் வருவது மனச்சோர்வும் பதற்றமும்தான். 2013இல் அவர்களுக்கென்று தனிப் பெயரே வந்துவிட்டது. கூட்டத்தில் யாரைச் சேர்ப்பது என்பதே தகராறாக இருந்தால், அந்தக் கூட்டத்தின் சராசரி மூளைப் படத்தை எவ்வளவு நம்புவது?

இன்னும் பெரிய ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், மருத்துவரே வேறு காரணம் சொல்லிக் கேட்டால் தவிர. எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டு முயற்சி ஒன்று இருக்கிறது. 853 நோயாளிகள், நோயில்லாத 2,167 பேர் ஆகியோரின் எம்.ஆர்.ஐ. படங்களைக் கணினிக்குக் கொடுத்து, யாருக்கு இருமுனைக் கோளாறு என்று பிரிக்கச் சொன்னார்கள். ஏறத்தாழ 65 சதவீதம்தான் சரியாக வந்தது. காசைச் சுண்டினாலே 50 வரும். இவ்வளவு பேரை வைத்துக்கொண்டு, கணினியை வைத்துக்கொண்டு, இதுதான் நிலைமை. அதுவும் நோயாளியா, நோயில்லாதவரா என்ற சுலபமான கேள்விக்கு. உங்கள் மருத்துவர் முன்னால் இருந்த கேள்வி அது இல்லையே. இது இருமுனையா, வெறும் மனச்சோர்வா, கவனக்குறைவுக் கோளாறா என்பதல்லவா அவர் யோசித்தது. கதிரியக்க மருந்தை ஏற்றிப் படம் எடுத்து வண்ண வண்ணமாக அச்சடித்து, இதோ உங்கள் பிள்ளையின் நோய் என்று காட்டும் இடங்களும் உண்டு. பணம் போகும், பிள்ளைக்குத் தேவையில்லாத கதிர்வீச்சும் சேரும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரு நோட்டு வாங்கி, அவன் எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை மணிக்கு எழுந்தான் என்று அவனையே தினமும் எழுதச் சொல்வேன். மருத்துவருக்கு அந்த நோட்டு இந்தச் சிடியைவிட உதவும்.

இனி அவன் கேட்ட கேள்வி. ராத்திரியில் தனியாக அந்தப் படங்களைப் பார்க்க விடாதீர்கள்; தடுக்கச் சொல்லவில்லை, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு நீங்களும் உட்காருங்கள். முகத்துக்கு நேரே வெட்டிய மாதிரி இருக்கும் வரிசையை எடுத்து மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள், கண்கள் தாண்டி, நெற்றியோரப் பொட்டுப் பக்கம் தாண்டி. ஒரு கட்டத்தில் இரண்டு பக்கமும் கீழே உள்ளே சாம்பல் நிறத்தில் பாதாம் மாதிரி ஒரு ஜோடி வரும். அவனே கண்டுபிடிக்கட்டும், உங்களைவிட அவன் கண் கூர்மையாக இருக்கும். இதில் எது கெட்டுப்போயிருக்கிறது என்று காட்டு பார்ப்போம் என்று கேளுங்கள். அவனால் முடியாது. உங்களாலும் முடியாது. ரிப்போர்ட் எழுதிய ரேடியாலஜிஸ்டும் பார்த்துவிட்டுத்தான் 'நார்மல்' என்று எழுதினார் என்று சொல்லிவிட்டு, கணினியை அணைத்து, மணி என்ன என்று அந்த நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.