மூன்றாம் தொகுதி கையில், முதல் இரண்டும் இல்லை

கேள்வி: உக்கடம் பழைய புத்தகக் கடையில் ‘சாகா’ கிராஃபிக் நாவலின் மூன்றாம் தொகுதி (பேப்பர்பேக்) கிடைத்தது. அதிலிருந்தே படிக்கலாமா? வாட்ஸ்அப்பில் ஒருவர் கெட்டி அட்டை ‘புக் ஒன்’ தருகிறேன், வாளையார் (தமிழக-கேரள எல்லை) தாண்ட டாக்ஸ் 300 ரூபாய் தனி என்கிறார். வாங்கலாமா?
- ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: இரண்டுமே வேண்டாம்.

சாகா முதலில் தனித்தனி இதழ்களாக வந்த தொடர். ஒவ்வொரு பேப்பர்பேக் தொகுதியிலும் ஆறு இதழ்கள். உங்களிடம் இருப்பது 13 முதல் 18 வரை. பதிப்பு விவரம் அச்சிட்ட பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள். இந்தத் தொகுதி, இரண்டாவதின் கடைசிக் காட்சிக்குச் சற்று முந்தைய நாட்களுக்குப் போய்த் தொடங்குகிறது. அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு வருபவருக்கு, கலங்கரை விளக்கத்தில், கதையில் வரும் எழுத்தாளரோடு நாயகக் குடும்பம் சிரித்துப் பேசும் பக்கமெல்லாம் வயிற்றைக் கலக்கும். பார்க்காதவருக்கு அது வெறும் விருந்து. இணையத்தில் கதைச்சுருக்கம் படித்தால் பெயர் தெரியும், முகம் தெரியாது. போரிடும் இரு இனங்களில் கொம்பு உள்ளவர் எந்தப் பக்கம், சிறகு உள்ளவர் எந்தப் பக்கம் என்று முதல் தொகுதி பழக்கிவிடும். அப்புறம் யாரும் விளக்கமாட்டார்கள். நீல எழுத்தில் புரியாத பேச்சு வந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். கொம்புக்காரர்களின் மொழி அது, எஸ்பெராந்தோ என்ற செயற்கை மொழியில் எழுதியது. புரியாமல் இருக்கவேண்டும் என்றேதான் விட்டிருக்கிறார்கள்.

இப்போது அந்த வாட்ஸ்அப் ஆள். கெட்டி அட்டை ‘புக் ஒன்’ என்பது 1 முதல் 18 இதழ்கள், அதாவது மூன்று தொகுதிகளும் சேர்ந்தது. கையில் இருப்பதற்கே மறுபடி பணம் கொடுப்பீர்கள். உங்களுக்கு வேண்டியது 1, 2 பேப்பர்பேக் மட்டும். ‘வால்யூம்’, ‘புக்’ இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுபவரிடம் எந்த இதழ் முதல் எந்த இதழ் வரை என்று கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். கலர் ஜெராக்ஸை பைண்ட் செய்து விற்பவர்களும் உண்டு: இரு பக்கம் விரியும் படத்தை நடுவில் திறந்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். நடுவில் படம் நிறைய விழுங்கப்பட்டிருந்தால் நகலோ என்று சந்தேகப்படுங்கள்.

அந்த டாக்ஸ் சுத்தப் பொய். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. 2017 ஜூலைக்குப் பிறகு வாளையாரில் புத்தகப் பார்சலுக்கு விற்பனை வரி வசூலிக்கும் ஏற்பாடும் இல்லை. செலவு அஞ்சலில்தான். புத்தகங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் இருந்த பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்தினார்கள். 2025 மேயில் ஞான் போஸ்ட் என்று ஓர் அஞ்சல் சேவையைக் கொண்டுவந்தார்கள், கல்வி, இலக்கிய நூல்களுக்காம். காமிக்ஸ் அதில் சேருமா என்று கவுண்டரில் வாதாடுவதைவிட சாதாரணப் பார்சலே மேல். அதுவும் வந்து பார்த்தபின் பணம்.

இந்த எண் கணக்கு கைவிடும் இடம் ஜப்பானியத் தொடர்கள். ‘அகிரா’ ஆறு தொகுதி. ஆங்கில பேப்பர்பேக்கில் படங்களைக் கண்ணாடிபோலத் திருப்பி இடமிருந்து வலமாக அச்சிட்டார்கள். 2017-இல் வந்த 35-ஆம் ஆண்டுப் பெட்டியோ ஜப்பானிய முறைப்படி வலமிருந்து இடம். எண் சரியாக இருந்தும், பாதி அதில், பாதி இதில் வாங்கினால் வலக்கை ஆள் அடுத்த தொகுதியில் இடக்கை ஆள் ஆகிவிடுவார். ஆகவே பழையதாக வாங்கும்போது தொகுதி எண்ணோடு, புத்தகம் எந்தப் பக்கம் திறக்கிறது என்றும் கேளுங்கள். ஒரே வரிசையில் அடுக்கியபின் கண்டுபிடித்தால் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார்.

சாகா பெரியவர்களுக்கானது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் மேல் அலமாரியில் வையுங்கள்.