காரைக்குடிப் பக்கத்துக் குடும்பக் கணக்கு: கேள்வி பதில்

தேவகோட்டையிலிருந்து: அவசரமாக 2 லட்சம் வேண்டும் அண்ணே. அடகுக்கடையில் 2 வட்டி. நகையை அங்கேயே வைத்துவிடலாமா?

2 வட்டி என்பது மாதத்துக்கு. வருஷத்துக்கு 24 சதவீதம், அதாவது 48,000 ரூபாய். வங்கி நகைக்கடன் 9 சதவீதம் என்றால் 18,000. அரை நாள் அலைந்தால் 30,000 மிச்சம். கல் அட்டிகையை வைக்காதீர்கள், கல்லுக்குக் கடன் கிடையாது. வளையல், சங்கிலி வையுங்கள். ரசீதில் மொத்த எடை, கல்லும் அரக்கும் கழித்த நிகர எடை, கேரட் மூன்றும் இருக்க வேண்டும். முடிவில் மொத்தமாகக் கட்டும் கடன் என்றால் 12 மாதத்துக்குள் திருப்பணும். வீடு மாறியிருந்தால் விலாசத்தையும் கைபேசி எண்ணையும் மாற்றிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஏல நோட்டீஸ் பழைய வீட்டுக்குத்தான் போகும்.

கோட்டையூரிலிருந்து: பங்கு வீட்டில் எங்கள் பங்கை மட்டும் விற்க முடியுமா?

வக்கீலிடம் மூலப்பத்திரத்தோடு போங்கள்.

கண்டனூரிலிருந்து: ஏலச்சீட்டு நல்லதா, ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) நல்லதா?

20 பேர், 20 மாதம், தவணை 5,000, ஒரு லட்சம் சீட்டு. நடத்துபவர் கமிஷன் 5,000. கசர் (ஏலத்தில் தள்ளிய தொகையில் கமிஷன் போக எல்லாருக்கும் பிரிக்கும் பங்கு) சராசரியாக மாதம் 500 கிடைத்தால் நீங்கள் கட்டுவது 90,000. கடைசியில் எடுத்தால் கைக்கு 95,000. காசு கிடந்த காலத்தைப் பார்த்தால் வருஷத்துக்கு 7 சதவீதம் போலத்தான் வரும், ஆர்டி மாதிரியே. இதே சீட்டை இரண்டாம் மாத ஏலத்தில் 25,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, எடுத்தவருக்கு 75,000 வரும். அவருக்கு இது மாதம் 2 வட்டியைத் தாண்டிய கடன். சேமிக்க வந்தவருக்கு லாபம் இல்லை, கடன் வாங்க வந்தவருக்கு வட்டி அதிகம். பதிவு இல்லாத சீட்டில் சேரவே சேராதீர்கள்.

புதுவயலிலிருந்து: எங்கள் தெரு ஆச்சி 25 வருஷமாகச் சீட்டு நடத்துகிறார், ஒரு ரூபாய் பாக்கி இல்லை. பதிவுச் சீட்டில் ஜாமீன் கேட்டு இழுத்தடிக்கிறார்கள்.

ஆச்சியின் நாணயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான்காம் மாதம் எடுத்தவர் ஒன்பதாம் மாதம் நின்றுவிட்டால் மீதி 12 தவணை. கசர் போனாலும் 50,000க்கு மேல். ஆச்சி கைக்காசைப் போடுவார். இரண்டு பேர் நின்றால்? மூன்று பேர்? ஜாமீன் அதற்குத்தான். 1982 சீட்டு நிதிச் சட்டப்படி, தொடங்குமுன் அனுமதி வாங்கி, சீட்டுத் தொகை அளவுக்குப் பதிவாளர் பெயரில் வைப்பு வைக்க வேண்டும். பதிவில்லாத சீட்டுக்கு அந்த வைப்பு கிடையாது.

புதுவயலிலிருந்து மறுபடி: நடுராத்திரி ஆஸ்பத்திரிச் செலவுக்கு வங்கியா திறந்திருக்கும்?

நடுராத்திரி சீட்டு ஏலமும் நடக்காது. ஆச்சி கைமாற்றாகத் தருவார், அது வேறு. மூன்று மாதச் செலவைச் சேமிப்புக் கணக்கில் தனியாக வையுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து: 2 லட்சம் சீட்டு, பதிவு இல்லை, ஆனால் தெரிந்தவர். சேரலாமா?

மேலே இரண்டு பதில் இருக்கிறது. பதிவு இல்லை என்றால் வேண்டாம்.

கானாடுகாத்தானிலிருந்து: அப்பாவுக்கு 66 வயது. 12 லட்சமும் ஒரே வங்கியில். போதுமா?

வைப்புக் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டியோடு சேர்த்து 5 லட்சம்தான். கிளை மாற்றினால் ஆகாது, வங்கியை மாற்றணும். 5 லட்சத்துக்கு மேலே உள்ளதைத் தபால் நிலைய மூத்த குடிமக்கள் திட்டத்தில் போடலாம்: உச்சம் 30 லட்சம், மூன்று மாதத்துக்கொருமுறை வட்டி, சேரும் நாளின் வட்டி 5 வருஷமும் மாறாது. போகும்போது நாமினி பெயர் ஆதாரில் உள்ள எழுத்துப்படியே எழுதச் சொல்லுங்கள்.

காரைக்குடியிலிருந்து: சீட்டில்...

சீட்டு இன்றைக்குப் போதும்.