மார்ச் 31 வருகிறது, நாற்காலி வரவில்லை!

கேள்வி: மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். நாற்காலி வாங்க ஒதுக்கிய பணம் காலாவதியாகிவிடுமாம். அதனால் சரக்கு வருமுன்பே ‘பெறப்பட்டது’ என்று இருப்புப் பதிவேட்டில் எழுதி, பில்லை அனுப்பச் சொல்கிறார் மேலதிகாரி. செய்யலாமா? - வாசகர், திருச்சி

பதில்: கூடவே கூடாது. கணக்குப் பிரிவில் தலை நரைத்தவன் சொல்கிறேன்: தணிக்கைக்கு வருபவர் நாற்காலியை எண்ணுவதற்கு முன், சரக்கோடு வரும் டெலிவரி சலானைத்தான் கேட்பார். சலானில் ஏப்ரல் 9, பதிவேட்டில் மார்ச் 30 என்றிருந்தால், கையெழுத்துப் போட்ட நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 172-ஆவது விதி, சரக்கு வந்த பிறகே பணம் என்கிறது. முன்பணத்துக்கு விதிவிலக்குகள் உண்டு. அதற்கும் வங்கி உத்தரவாதம் போன்ற பிணை வேண்டும். செலவாகாத ஒதுக்கீடு ஆண்டு முடிவில் காலாவதியாகும் என்று சொல்லும் அதே 62-ஆவது விதிதான், கடைசி மாதச் செலவு அவசரத்தை நிதி ஒழுங்கு மீறல் என்றும் சொல்கிறது. உங்கள் அதிகாரி பாதியோடு நிறுத்திவிட்டார் போலும்!

காலாவதியானால் யாருக்கு நஷ்டம்? பணம் அரசின் பொதுக் கஜானாவான தொகுப்பு நிதியிலேயே இருக்கும். புது ஆண்டு ஒதுக்கீட்டில் கேட்டு வாங்குங்கள்.

அவர் வற்புறுத்தினால், எழுத்து மூலம் உத்தரவு கேளுங்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 3-ஆவது விதியே அதற்கு இடம் தருகிறது. பெரும்பாலும் பேனா எடுக்கும்போதே அவசரம் தணிந்துவிடும். எழுதியே கொடுத்தாலும், வராத நாற்காலியை வந்ததாக எழுதாதீர்கள்.